துண்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: நாடக மேடைக்கு உடை அமைக்க முழுமையான வழிகாட்டி

நாடகக் குழுவில் உடைப் பொறுப்பு யாரிடம் வந்து சேரும் தெரியுமா? நடிக்க வராதவர், வசனம் மறப்பவர், ஆனால் ஒத்திகைக்கு ஒரு நாளும் தவறாதவர். என்னிடமும் அப்படித்தான் வந்தது. பாளையங்கோட்டையில் நண்பர்கள் சேர்ந்து போட்ட முதல் நாடகத்தில், "நீதான் சும்மா நிற்கிறாய், உடையைப் பார்த்துக்கொள்" என்றார்கள். ராஜாவுக்கு வாடகைக் கிரீடம், மந்திரிக்கு வாடகை அங்கி, மற்றவர்களுக்கு அவரவர் வீட்டு வேட்டி என்று வேலையை முடித்தேன். திரை விலகிய சிறிது நேரத்தில் முன்வரிசை ஆச்சி ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இதில் யார் பண்ணையார், யார் வேலைக்காரன்?" என்று கேட்டார். பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்ற எனக்கே அது கேட்டது. எல்லோரும் ஒரே வேட்டியை ஒரே மாதிரி கட்டியிருந்தார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அடுத்தடுத்த நாடகங்களில் வேலை செய்தேன். ஜிகினாவும் பட்டும் மேடையை மினுக்கும், அவ்வளவுதான். ஆள் யார் என்று காட்டுவது, அவர் துணியை எங்கே, எப்படிக் கட்டியிருக்கிறார் என்பதே. அதற்குச் செலவும் குறைவு.

பொதுவாகச் சொன்னால் மனத்தில் நிற்காது என்பதால் ஒரே நாடகத்தை எடுத்துக்கொள்கிறேன். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். இதை ஒன்பது காட்சிகளில் நாடகமாக்கினோம். நடிகர்கள் 14 பேர், பாத்திரங்கள் 31. கையில் இருந்த பணம் 20,000 ரூபாய்.

முதல் படி: பிரதியை மூன்று முறை வாசியுங்கள்

முதல் வாசிப்பு கதைக்காக. அப்போது பென்சிலைத் தொடாதீர்கள்.

இரண்டாவது வாசிப்பில் உடை தொடர்பான ஒவ்வொரு சொல்லையும் கோடிடுங்கள். "மடியிலிருந்து கடிதத்தை எடுக்கிறான்" என்று இருந்தால், அந்த நடிகருக்கு வேட்டிதான். கால்சட்டை கொடுத்தால் மடி ஏது? "மழையில் நனைந்து வருகிறாள்" என்றால் ஒரே சேலையில் இரண்டு வேண்டும், ஒன்று ஈரமாக. சண்டை, விழுதல், தூக்கிச் செல்லுதல், சம்மணமிட்டு உட்காருதல் ஆகியவற்றையும் குறியுங்கள். காவலராக நடிப்பவர் தரையில் மண்டியிட வேண்டும் என்பதை நாங்கள் கவனிக்காமல் கால்சட்டையை இறுக்கமாகத் தைத்துவிட்டோம். அது மண்டியிட்ட இடத்திலேயே கிழிந்தது. சோகக் காட்சியில் கூட்டம் சிரித்தது.

மூன்றாவது வாசிப்பு கடிகாரத்தோடு. ஒரு நடிகர் மேடையை விட்டு வெளியேறுவதற்கும் அடுத்த பாத்திரமாக உள்ளே வருவதற்கும் இடையே எவ்வளவு நேரம்? வசனத்தை உரக்க வாசித்து நொடிகளில் குறியுங்கள். இரண்டு நிமிடத்துக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் சிவப்பில் எழுதுங்கள். எங்கள் நாடகத்தில் ஏழு சிவப்பு இருந்தது. அந்த ஏழும்தான் பாதி வடிவமைப்பைத் தீர்மானித்தன.

இரண்டாம் படி: காலத்தைச் சரிபாருங்கள்

நம் ஊர் மேடைகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை, 1908-ன் சுதேசித் தொண்டர்களுக்குக் காந்தி குல்லாய் மாட்டிவிடுவது. காந்தி இந்தியாவுக்குத் திரும்பியதே 1915-ல். குல்லாயும் கதர் இயக்கமும் அதற்குப் பிறகு வந்தவை. 1908-ல் சுதேசி என்றால் அந்நியத் துணியை மறுத்து உள்நாட்டில் நெய்த துணியை உடுத்துவது. தலையில் தலைப்பாகையோ துண்டோ இருக்கும், அல்லது வெறுந்தலை. அதே போல மேலே தெரியும் இடத்தில் ஜிப் வேண்டாம், அது உடைகளில் பரவலானது 1930-களில்தான். பாலியஸ்டர் அப்போது இல்லை. ஆனால் நிறத்துக்கு அஞ்ச வேண்டாம். வேதிச் சாயம் 1856-லேயே வந்துவிட்டது. பழைய காலம் என்றால் எல்லாமே மங்கிய பழுப்பு என்று நினைப்பது பழைய புகைப்படங்கள் தந்த மயக்கம்.

புகைப்படத்தைப் பற்றி இன்னொன்று. அந்தக் காலத்துத் தகடுகள் சிவப்பை உணராதவை. சிவப்பு நிறம் படத்தில் கறுப்பாகவே விழும். ஆகவே படத்தில் கறுப்பாகத் தெரியும் கோட்டு கருநீலமாகவும் இருக்கலாம், அரக்காகவும் இருக்கலாம். படத்திலிருந்து நிறத்தை எடுக்காதீர்கள். வெட்டு, நீளம், கழுத்துப்பட்டை, தலைப்பாகை சுற்றிய திசை ஆகியவற்றை எடுங்கள். ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த இல்லமும் எட்டயபுரத்தில் பாரதி பிறந்த இல்லமும் நினைவில்லங்களாக இருக்கின்றன. பாளையங்கோட்டையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையை இவற்றுக்குக் கொடுங்கள். அதைவிட நல்ல ஆவணம், உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் தாத்தாவின் குழுப் படம்.

கட்டபொம்மன் போன்ற கதைகளில் சிக்கல் வேறு வகை. அவர் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. அப்போது புகைப்படமே கிடையாது. மக்கள் மனத்தில் இருப்பது திரைப்படம் பதித்த உருவம். அதை உடைத்துத்தான் தீருவேன் என்று கிளம்பினால், "இது யார்?" என்று ஆச்சி மறுபடியும் கேட்பார். மீசையையும் தலைப்பாகையின் பொதுவான உருவத்தையும் விட்டுவைத்து, மினுமினுப்பை மட்டும் குறைப்பது என் வழக்கம்.

மூன்றாம் படி: வேட்டியும் துண்டும்

இதில்தான் நிறைய நேரம் செலவிடச் சொல்வேன்.

ஒரே துண்டு. தோளில் மடிப்பாகப் போட்டால் ஊர்ப் பெரியவர். தலையில் முண்டாசாகக் கட்டினால் வண்டிக்காரர். கழுத்தைச் சுற்றிப் போட்டால் வியாபாரி. கக்கத்தில் இடுக்கினாலோ இடுப்பில் கட்டினாலோ, யார் முன்னாலோ அடங்கி நிற்பவர். நம் மாவட்டத்தில் இந்தக் கடைசி இரண்டும் வெறும் பழக்கமாக இருந்தவை அல்ல. மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்க உரிமை மறுக்கப்பட்டவர்கள் இங்கே இருந்தார்கள். பக்கத்துத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி 1859-ல்தான் அரசின் அனுமதி பெற்றார்கள். ஆகவே ஒரு பாத்திரத்தின் தோளில் துண்டு இருக்கிறதா, இடுப்பில் இருக்கிறதா என்பதை அழகு பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது அந்த மனிதருக்கு அந்த ஊர் கொடுத்த இடம். இயக்குநரோடு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பேசித் தீர்மானியுங்கள். இடுப்பில் துண்டு கட்டும் பாத்திரம் எப்போதும் குழுவில் ஒரே நபருக்குத்தான் போகிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

எங்கள் நாடகத்தில் இந்தத் துண்டே ஒரு காட்சியாக மாறியது. முதல் காட்சியில் துண்டை இடுப்பில் கட்டி நிற்கும் ஆலைத் தொழிலாளி, தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தக் காட்சியில் (அது தொடங்கியது 1908 பிப்ரவரி 27) பேச எழும்போது துண்டை அவிழ்த்துத் தோளில் போடுகிறார். வசனம் எதுவும் இல்லை. அரங்கம் கைதட்டியது. அதற்குச் செலவு அறுபது ரூபாய்.

வேட்டியும் அப்படியே பேசும். உடல் உழைப்பாளிக்கு நான்கு முழ வேட்டி, தார்பாய்ச்சிக் கட்டியது அல்லது முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியது. கடைக்காரருக்கு எட்டு முழம், கணுக்கால் வரை. வைதிகருக்குப் பஞ்சகச்சம், கடையில் 'ஒன்பதைந்து' என்று கேளுங்கள். வக்கீலுக்கு எட்டு முழத்துக்கு மேல் கழுத்து மூடிய கோட்டு, தலைப்பாகை. கரையின் அகலமும் முக்கியம். பத்தாவது வரிசையிலிருந்து பார்த்தால் ஒரு விரல் கரை தெரியவே தெரியாது; மூன்று விரல் அகலம் வேண்டும்.

நெற்றியை மறந்துவிடாதீர்கள். திருநீறா, நாமமா, நாமம் என்றால் வடகலையா தென்கலையா, குங்குமமா, வெறும் நெற்றியா என்பதை உடைப் பட்டியலிலேயே எழுதுங்கள். ஒப்பனைக்காரரிடம் விட்டால் எல்லோருக்கும் ஒரே பொட்டு வரும். எங்கள் வக்கீல்களில் ஒருவருக்கு இடைவேளைக்கு முன் திருநீறு, பின் நாமம். இரண்டு பேர் ஒப்பனை செய்ததன் விளைவு.

நான்காம் படி: கேசாதிபாதப் பட்டியல்

பெரிய சார்ட் தாள் ஒன்றை எடுத்து இடப்பக்கம் நடிகர் பெயர்கள், மேலே காட்சி எண்கள் என்று கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நடிகர் அந்தக் காட்சியில் உடுத்துவது அத்தனையும் கேசாதிபாத வரிசையில் வர வேண்டும்: தலை, நெற்றி, காது, கழுத்து, மேலுடல், தோள், கை, இடுப்பு, கால். புலவர்கள் கண்டுபிடித்த இந்த வரிசை உடைப் பொறுப்பாளருக்கு மிகவும் உதவும். தலையில் தொடங்கிக் கால் வரை இறங்கினால் எதுவும் விட்டுப்போகாது. நான் ஒருமுறை மனம்போன வரிசையில் எழுதியதால் துரையின் காலணியை வாங்கவே மறந்தோம். அவர் மேடையில் ரப்பர் செருப்போடு நின்றார்.

பென்சிலால் எழுதுங்கள், அழித்துக்கொண்டே இருப்பீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்து, துணியின் உள்மூலையில் அந்த எண்ணைச் சிவப்பு நூலால் தைத்துவிடுங்கள். மை துவைத்தால் போய்விடும், நூல் போகாது. கட்டங்களை நிரப்பியதும் எது நிறைய வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 31 பாத்திரங்களுக்கு எங்களுக்குத் தேவைப்பட்டவை 11 வேட்டிகள், 22 துண்டுகள், 8 சட்டைகள், 5 கோட்டுகள், 9 சேலைகள், 7 தலைப்பாகைகள். 31 உடைகள் தைக்க வேண்டும் என்ற பயம் அந்தக் கணக்கோடு தீர்ந்தது.

கூட்டக் காட்சிக்கு ஒரு தந்திரம். கலகக் கூட்டமாக ஒன்பது பேர்தான் இருந்தார்கள். மேடையின் வலப்பக்கம் ஓடி மறைந்ததும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருளை மாற்றுவார்கள்: தலைத்துண்டு தோளுக்கு வரும், சட்டை கழன்று கைக்கு வரும், மடித்த வேட்டி இறங்கும். இடப்பக்கம் மறுபடி வரும்போது அவர்கள் வேறு ஒன்பது பேர். மூன்று சுற்றில் ஊரே திரண்டது போல இருந்தது. இரண்டு பொருள்களை மாற்றச் சொன்னால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள், ஒன்று போதும்.

ஐந்தாம் படி: பணமும் நாளும்

20,000 ரூபாயை இப்படிப் பிரித்தோம்: துணிக்கு 8,000, தையல் கூலி 5,000, வாடகை 3,000, காலணி, நகை, சில்லறைப் பொருள்களுக்கு 2,000, கடைசி வாரத்துக்கு 2,000. கடைசி வாரத்துப் பணத்தை முன்பே தொடுபவர் கடைசி வாரத்தில் தன் சட்டைப்பையில் கை வைக்க வேண்டிவரும்.

நாடகத்துக்கு எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். நாள் குறிக்கும்போது ஊர் நாட்காட்டியைப் பாருங்கள். நவராத்திரி சமயத்தில் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்காக நம் பகுதி முழுவதும் வேடம் கட்டும். காளி, ராஜா, குறவன், குறத்தி, போலீஸ், கரடி, குரங்கு என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கும். கிரீடம், சடைமுடி, வாள், எதுவும் வாடகைக்கு மிஞ்சாது. அது முடிவதற்குள் தீபாவளித் தையல் வந்துவிடும். எந்தத் தையல்காரரும் உங்களை ஏறிட்டுப் பார்க்க மாட்டார். புரட்டாசி, ஐப்பசியில் நாடகம் என்றால் ஆவணியிலேயே எல்லாம் கையில் இருக்க வேண்டும். இன்னொன்று: தசராவுக்கு விரதமிருந்து கட்டியவரின் காளிக் கிரீடத்தை, "திருவிழா முடிந்துவிட்டதே, இரண்டு நாள் கொடுங்கள்" என்று நான் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, அது வேடம் இல்லை, நேர்ச்சை" என்று மட்டும் சொன்னார். நீங்கள் கேட்காதீர்கள்.

ஆறாம் படி: துணி வாங்குதல், விளக்கில் பார்த்தல்

திருநெல்வேலி டவுன் ரத வீதிகளில் துணிக்குக் குறைவில்லை. ஆனால் கடைக்குள் எரியும் வெள்ளை விளக்கு உங்களை ஏமாற்றும். ஒரு சாண் துண்டு வெட்டி வாங்கி வந்து, மேடையில் எந்த விளக்கு எரியுமோ அதன் கீழே பிடித்துப் பாருங்கள். சிவப்பு விளக்கில் சிவப்புச் சேலையும் வெள்ளை வேட்டியும் ஒன்று போல வெளிறும். நீல விளக்கில் சிவப்பு கறுத்துவிடும். மஞ்சள் விளக்கில் நீலம் சாம்பலாகும். தூய வெள்ளை எந்த விளக்கிலும் கண்ணைப் பறித்து, நடிகரின் முகத்தை இருட்டாக்கும். எனவே வெள்ளை என்று பிரதியில் இருந்தாலும் வெளுக்காத காடாத் துணியை எடுங்கள். மேடையில் அதுவே வெள்ளையாகத் தெரியும், விலையும் குறைவு.

வாங்கிய பருத்தித் துணியை ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகே வெட்டக் கொடுங்கள். காடா மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் வரை சுருங்கும். ஊறவைக்காமல் தைத்த சட்டை முதல் துவைப்பிலேயே நடிகரின் தொப்புளைக் காட்டும்.

அளவு கேட்பவர்களுக்கு: ஒரு முழம் சுமார் 45 சென்டிமீட்டர், எட்டு முழம் 3.6 மீட்டர். சேலை ஐந்தரை மீட்டர், மடிசாருக்கு ஒன்பது கஜம். தலைப்பாகைக்கு மெல்லிய மல் துணி ஐந்து மீட்டர். பெண்களின் சேலைக்கு வீரவநல்லூர் கைத்தறிப் பருத்தி எங்களுக்கு நன்றாகப் பொருந்தியது. மடிப்பு விழும் விதமே வேறு. பாலியஸ்டர் சேலை மடிப்பில் நிற்காமல் வழுக்கும், விளக்கில் பளபளக்கும், தீப்பந்தக் காட்சியில் தீப்பற்றினால் உருகித் தோலில் ஒட்டும். கடைசிக் காரணம் ஒன்றே போதும். மேடையில் சிறு அகல்விளக்கு எரிந்தாலும் அருகில் நிற்பவருக்குப் பருத்திதான்.

ஏழாம் படி: அளவு, தையல், தலைப்பாகை

ஆண்களுக்கு ஆணும் பெண்களுக்குப் பெண்ணும் அளவு எடுக்கட்டும். ஊக்கு குத்துவதற்கு முன்னும் நாடாவை இறுக்குவதற்கு முன்னும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உயரம், மார்பு, இடுப்பு, தோள், கை நீளம் ஆகியவற்றோடு தலைச்சுற்று, பாத அளவு, கைகளை மேலே தூக்கியபோது அக்குளிலிருந்து இடுப்பு வரை உள்ள நீளம் ஆகியவற்றையும் எழுதுங்கள். கடைசி அளவை யாரும் எடுப்பதில்லை. "வந்தே மாதரம்" என்று கை உயர்த்தும்போது சட்டை ஏறுவது அதனால்தான்.

எங்களுக்குத் தைத்துக் கொடுப்பவர் டவுனில் சின்னக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி. முதல் முறை அவரிடம் கோட்டுத் துணியைக் கொடுத்தபோது, "மேடைக்கா, கல்யாணத்துக்கா?" என்று கேட்டார். என்ன வேறுபாடு என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு என்றால் உள்தையலில் அரை அங்குலம் விடுவேன். மேடைக்கு என்றால் ஒன்றரை அங்குலம். அடுத்த வருடம் வேறு ஆள் போடுவான், பிரித்துத் தைக்க வேண்டும் அல்லவா?" அன்றிலிருந்து எங்கள் கோட்டுகள் எல்லாம் ஒன்றரை அங்குலம்தான். அவற்றில் ஒன்று இதுவரை நான்கு வக்கீல்களையும் ஒரு மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டது. அக்குளில் சாய்சதுரத் துண்டு ஒன்றை இணைத்துத் தைக்கச் சொல்லுங்கள், கை தாராளமாக உயரும். காலர் மைக் உண்டு என்றால் பின்னிடுப்பில் சிறு பை. சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்தாலும், பொத்தானை வெளியே அலங்காரமாகத் தைத்து உள்ளே பிரஸ் பட்டன் வையுங்கள்.

தலைப்பாகையை மேடையன்று சுற்றிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. நடிகரின் தலைச்சுற்றுக்கு ஏற்ற அளவில் ஒரு சட்டியைத் தேடிப் பிடியுங்கள். அதைக் கவிழ்த்து, முதலில் பருத்திப் பட்டை ஒன்றைச் சுற்றி, அதன்மேல் கஞ்சி போட்ட மல் துணியை முறுக்காமல் மடிப்பு மடிப்பாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் உள்பட்டையோடு நாலைந்து இடத்தில் தைத்துவிடுங்கள். சட்டியை எடுத்தால் குல்லாய் போல மாட்டிக்கொள்ளலாம். பாரதிக்கு வால் விட்ட தலைப்பாகை. அவர் 1898-ல் காசிக்குப் போன பிறகு பழகியது என்பதால் அதற்கு முந்தைய காட்சியில் மாட்டிவிடாதீர்கள். பின்னால் ஒரு சாண் அகலத்துக்கு எலாஸ்டிக் வைத்தால் தலை பெரிய நடிகர் வந்தாலும் சமாளிக்கலாம்.

ஆனி, ஆடியில் திறந்தவெளி மேடை என்றால் காற்றை ஒரு நடிகராகவே எண்ணிக்கொள்ளுங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று அங்கவஸ்திரத்தை நடிகரின் முகத்தில் அறையும். அங்கவஸ்திரத்தின் இரண்டு முனைகளிலும் உள்மடிப்பில் சன்னமான இரும்புச் சங்கிலித் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தோம். பிறகு அது அசையவில்லை.

எட்டாம் படி: புதுத் துணியைப் பழசாக்குதல்

கடையிலிருந்து வந்த வேட்டியோடு ஆலைத் தொழிலாளி நின்றால் எந்த வசனமும் அவரைக் காப்பாற்றாது. பத்து லிட்டர் நீரில் நூறு கிராம் டீத்தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஒரு கைப்பிடி படிகாரத் தூளைக் கரைத்து, நனைத்துப் பிழிந்த துணியை அரை மணி நேரம் அமிழ்த்துங்கள். ஈரத்தில் கறுப்பாகத் தெரியும், பதறாதீர்கள். உலர்ந்தால் பாதியாக வெளுக்கும். சீராக வேண்டாம் என்றால் துணியை அங்கங்கே முடிச்சுப் போட்டு அமிழ்த்தலாம்.

பிறகு உப்புத்தாள். கழுத்துப்பட்டை, முழங்கை, முழங்கால், சட்டைப்பை வாய் ஆகிய இடங்களில் மட்டும் தேயுங்கள். துணி உண்மையில் தேய்வது அங்கேதான். முதுகில் ஓட்டை போட்டால் எலி கடித்தது போல இருக்கும். தேரிக்காட்டுச் செம்மண்ணைக் கொண்டுவந்து பூசினால் என்ன என்று ஓர் உற்சாகி எப்போதும் கேட்பார். அது மேடையெங்கும் உதிரும், அடுத்தவர் வெள்ளையைக் கெடுக்கும். துணிக்குப் பூசும் பழுப்புச் சாயத்தை நீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தெளித்தால் தீர்ந்தது.

துப்பாக்கிச் சூட்டுக் காட்சியில் சர்க்கரைப் பாகும் சிவப்புச் சாயமும் கலந்த ரத்தம் ஒருமுறை முயன்றோம். அதற்குச் சட்டைகள் இரட்டிப்பாக வேண்டும், ஒவ்வொரு காட்சி முடிந்ததும் உடனே குளிர்ந்த நீரில் அலச வேண்டும், எறும்பு வேறு. கடைசியில் அதை விட்டுவிட்டு, சுடப்பட்டவர் மடியிலிருந்து ஒரு முழம் சிவப்புத் துணியை மெதுவாக உருவி விழச் செய்தோம். சர்க்கரைப் பாகு ரத்தத்தைவிட இதுவே என்னை உலுக்கியது.

ஒன்பதாம் படி: நாற்பது நொடியில் ஆள் மாறுதல்

சிவப்பில் எழுதிய ஏழு இடங்களுக்கு இப்போது வாருங்கள். முதல் விதி: கீழிருந்து எதையும் மாற்றாதீர்கள். வேட்டி அப்படியே இருக்கட்டும், மேலே உள்ளது மட்டும் மாறட்டும். வக்கீலின் கோட்டுக்குள் சட்டை முன்பக்கத்தையும் கழுத்துப்பட்டையையும் சேர்த்துத் தைத்து ஒரே பொருளாக்கினோம். அதைக் கழற்றி, தலைப்பாகையை எடுத்து, வேட்டியை மடித்துக் கட்டினால் தொழிலாளி, 25 நொடி.

வெல்க்ரோ வசதிதான். ஆனால் அமைதியான காட்சியின்போது பக்கத்திரைக்குப் பின்னால் அதைப் பிரித்தால் அந்தச் சத்தம் கடைசி வரிசைக்குப் போகும். மேடையில் கூச்சல் இருக்கும் இடங்களில் மட்டும் வெல்க்ரோ, மற்ற இடங்களில் நாடா அல்லது ஹூக்.

விரைந்து மாற்றும் இடத்தில் ஒரு நாற்காலி, அடியில் விரிப்பு, நீலக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச் விளக்கு. உடைகள் போடும் வரிசைக்குத் தலைகீழாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும், முதலில் போடுவது மேலே. இரண்டு நடிகர்களுக்கு ஓர் உதவியாளர். நடிகர் கைகளை நீட்டி நின்றால் போதும், எல்லாவற்றையும் உதவியாளரே செய்வார். இருவரும் சேர்ந்து பொத்தானைத் தேடினால் நேரம் இரண்டு மடங்கு. பெண்களுக்குத் தனி மறைப்பு கட்டாயம். இடம் இல்லை என்று யாராவது சொன்னால், பந்தல்காரரிடம் இரண்டு மூங்கிலும் ஒரு படுதாவும் வாங்குங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் ஐந்து முறையாவது கடிகாரம் வைத்துப் பழகுங்கள்.

சேலை அவிழாமல் ஆட, கோயில் கொடைகளில் நடக்கும் கணியான் கூத்தில் பெண் வேடமிட்டு விடிய விடிய ஆடிய ஒரு பெரியவர் எனக்குச் சொன்னது: இடுப்பில் முதலில் ஒரு பருத்தித் துண்டை இறுக்கிச் சுற்றி முடிந்துவிட்டு, அதன்மேல் நாடா, அதன்மேல் சேலை. பருத்திமேல் பருத்தி வழுக்காது. பதினைந்து ஊக்கு குத்திக்கொண்டிருந்த எங்கள் பெண்கள் இப்போது நாலோடு நிறுத்திவிட்டார்கள்.

பத்தாம் படி: உடை ஒத்திகை

மூன்று வாரம் முன்பிருந்தே காலணி, தலைப்பாகை, நீளச் சேலை ஆகியவற்றுக்கு மாற்றாக ஏதாவது பழசைக் கொடுத்துப் பழகவிடுங்கள். பஞ்சகச்சம் கட்டியவர் நடக்கும் நடையே வேறு; அது கடைசி நாளில் வராது.

முழு உடை ஒத்திகை இரண்டு நாள் முன்பு, முழு விளக்கோடு. நீங்கள் மேடைக்குப் பின்னால் நிற்காமல் பத்தாவது வரிசையில் போய் உட்காருங்கள். தாள் ஒன்றில் குறைகளை மட்டும் எழுதுங்கள். கைக்கடிகாரம், நகப்பூச்சு, கோயில் கயிறு, உள்பனியனின் பெயர் எழுதிய பட்டை, நவீன முடிவெட்டு எல்லாம் அங்கிருந்துதான் கண்ணில் படும். கயிற்றைக் கழற்ற மறுப்பவர் இருப்பார். அவரோடு வாதாடாதீர்கள், முழுக்கைச் சட்டை கொடுத்துவிடுங்கள்.

பதினொன்றாம் படி: நாடக இரவு

ஒரு டிபன் டப்பாவில் இவை இருக்கட்டும்: நூல் கோத்து வைத்த ஊசிகள் (வெள்ளை, கறுப்பு, காக்கி), ஊக்கு நூறு, கத்தரிக்கோல், எலாஸ்டிக், நாடா, இருபக்க ஒட்டு டேப், மெழுகுவர்த்தி, வெள்ளைச் சாக்குக்கட்டி, முகப்பவுடர். சிக்கிய ஜிப்பில் மெழுகைத் தேய்த்தால் ஓடும். வெள்ளை வேட்டியில் காபி சிந்தினால் ஈரத்தை ஒற்றி எடுத்துச் சாக்குக்கட்டியைத் தேயுங்கள். மேடைக்கு அது போதும்.

உடை போட்ட பிறகு யாரும் சாப்பிடக் கூடாது, தண்ணீர் மட்டும். காவலர் உடை போட்டவர் டீக்கடைக்குப் போகக் கூடாது. இதைச் சிரிப்பாகச் சொல்லவில்லை, தெருவில் உண்மைக் காவலர் என்று நம்புவார்கள். வெறுங்காலோடு நடிப்பவர்களுக்காக மேடைப் பலகையில் ஆணி நீட்டியிருக்கிறதா என்று ஒருமுறை உங்கள் கையால் தடவிப் பாருங்கள்.

பன்னிரண்டாம் படி: முடிந்த பிறகு

கைதட்டல் அடங்கியதும் நடிகர்கள் படம் எடுக்கப் போவார்கள். நீங்கள் பட்டியலோடு வாசலில் நில்லுங்கள். எண்ணைச் சொல்லி வாங்காமல் ஒருவரையும் விடாதீர்கள். துண்டுதான் அதிகம் தொலையும், வியர்வை துடைத்தபடியே வீட்டுக்குப் போய்விடுவார்கள். 22-ல் எங்களுக்கு 19 திரும்பியது.

வியர்த்த உடையை அன்றிரவே மடித்து வைக்காதீர்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கொடியில் போடுங்கள். பருத்தியை வெயிலிலும், வெல்வெட், ஜரிகை வேலை உள்ளவற்றை நிழலிலும் உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உலர இரண்டு நாள் பிடித்தாலும் பொறுங்கள். ஈரத்தோடு பெட்டிக்குள் போனால் பூஞ்சைக் கறை எந்தச் சோப்புக்கும் அசையாது. வாடகை உடைகளை மறுநாளே திருப்பிக் கொடுங்கள், கிழிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த நாடகத்துக்கும் அதே கடைக்குத்தான் போகப்போகிறோம்.

இரும்பு டிரங்குப் பெட்டியில் பழைய வேட்டியை விரித்து அடுக்குங்கள். கஞ்சி போட்ட துணியைப் பூச்சி தேடி வரும், அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டே வையுங்கள். பாச்சை உருண்டையை ஜரிகைமீது படும்படி போடக் கூடாது. துணியில் முடிந்து மூலையில் வையுங்கள், அல்லது வசம்பும் வேப்பிலையும் போதும். தலைப்பாகைகளுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் உருவம் கெடாது. மூடியின் உள்பக்கத்தில் பட்டியலை ஒட்டுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனி வெயிலிலும் ஆவணி முடிவிலும், எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். ஆவணியில் திறக்கும்போது தசராவுக்கு உடை கேட்டுத் தெரிந்தவர்கள் வந்து நிற்பார்கள். கோட்டைக் கொடுங்கள், வாளைக் கொடுங்கள், பெயரை எழுதி வாங்கிக்கொண்டு சேலையையும் கொடுங்கள். தலைப்பாகையை மட்டும் கொடுக்காதீர்கள். அவர்கள் தலைக்கு அது சேராது, தையலைப் பிரித்துத்தான் திருப்பித் தருவார்கள்.